வலது இமை

யோசுவா உபதேசியாரின் ஜெபம் பத்து நிமிஷத்தைத் தாண்டியும் முடிகிற வழியாக இல்லை. வேதத்தில் வருகிற ஒரு கல்யாணத்தையும் விட்டுவைப்பதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்போல, ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டிய கிணற்றடியில் தொடங்கி, திராட்சரசம் தீர்ந்துபோன வீடுவரைக்கும் வந்துவிட்டார். மாப்பிள்ளை அபின் வீட்டிலிருந்து கல்யாணத் தேதி உறப்பிக்க வந்தவர்கள் எட்டுப் பேர், இந்த வீட்டு ஆட்கள் ஐந்து பேர், எல்லாரும் தலை குனிந்து கண்ணை மூடி நின்றார்கள். பெண்கள் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். ரெஜிலாவும் போட்டிருந்தாள், மற்றவர்களைவிட நாலு விரல் கூடுதலாகவே. இடது கண்ணை மூடியாயிற்று. வலது கண் மூடவில்லை. எவ்வளவு அமுக்கிப் பார்த்தாலும் அந்த இமை பாதி வழியில் வந்து நின்றுகொண்டது. ஒரு நெல்மணி அகலத்துக்குக் கண் வெளியே தெரிந்தது.

ஃபேன் காற்று அந்த இடைவெளியில் புகுந்து மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரித்தது. கண்ணீர் வழிந்து மூக்கு நுனிவரை வந்தது. பிள்ளை ஜெபத்தில் உருகி அழுகிறது என்று யாராவது நினைத்தால் நல்லதுதான், நினைத்துவிட்டுப் போகட்டும். மேசைமேல் மூடி வைத்த வாழைக்காய் உப்பேரித் தட்டு மங்கலாகத் தெரிந்தது. அதற்கப்பால் யாருடையதோ செருப்பில்லாத கால்கள். எரிச்சல் தாங்காமல் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினாள். எதிரில் அபினின் அம்மா ஆனந்தபாய் நின்றாள். அவளுடைய இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன. அவள் ரெஜிலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமென்” என்று எல்லாரும் சொன்னதும் ரெஜிலா முதல் வேலையாகக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் வைத்தாள். ஆனந்தபாய் ஒன்றும் கேட்கவில்லை. உப்பேரி தின்றாள், சாயா குடித்தாள், பழம் ஒன்றை உரித்துப் பாதியில் வைத்தாள். இன்னும் முப்பத்தாறு நாளில் வருகிற திங்களாழ்ச்ச கல்யாணம் என்று பேசி முடித்தபோது “செரி” என்றாள். அபின் வெள்ளறடை பஸ் டிப்போவில் மெக்கானிக். அன்றைக்கு டூட்டி என்று வரவில்லை. “வாற ஞாயிறாழ்ச்ச முதல் ஓலை வாசிக்கணும்” என்று உபதேசியார் நினைவுபடுத்தினார். மூன்று ஞாயிறு சபையின் முன்னால் இரண்டு பேருடைய பெயரையும் வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல ஆளுண்டா என்று கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் கல்யாணம். வாசலில் செருப்பு மாட்டும்போது ஆனந்தபாய் திரும்பி ரெஜிலாவின் முகத்தைப் பார்த்தாள்.

அவர்கள் வந்த ஜீப்பு வளைவு திரும்பியதும் அம்மா ரத்னபாய் அவளை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“அந்தப் பொம்பிள பாத்தாளா?”

“பாத்தா.”

“கேட்டா காத்துக்கு எரியுதுன்னு சொல்லு. முப்பத்தாறு நாளு, அம்பிட்டுதான். பல்லக் கடிச்சிட்டு நில்லு பிள்ளே. வியாழாழ்ச்ச நீ ஒரு எடத்துக்கும் போகண்டாம், கேட்டியா? கல்யாணம் கழியட்டு. பிறவு அவனுக்க செலவாச்சு, அவனுக்க பெண்டாட்டியாச்சு.”

வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் கண் ஆஸ்பத்திரியில் ரெஜிலாவுக்கு ஆப்பரேஷன். டாக்டர் பிஜி போன வெள்ளிக்கிழமைதான் நாள் குறித்துக் கொடுத்தாள். நெய்யாற்றின்கரைக்காரி. தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவள், மூடி மறைக்காமல் பேசுகிறவள். கண்ணில் சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “மோளே, உள்ளதைச் சொல்லுதேன். தோலை வேண்டியதுக்கு மேல வெட்டி எடுத்திருக்கு. இமை எறங்கி வர எடமில்ல. உறங்கும்போதும் கண்ணு தொறந்து கெடந்து கருவிழி காஞ்சு, இப்ப கடுகளவுக்குப் புண்ணு விழுந்திருக்கு. ஆறு மாசம் கழிஞ்சு தழும்பு எளகின பிறகு செய்யதுதான் மொறை. கருவிழி அதுவரைக்கும் காத்திருக்காது.”

காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து இமையில் வைத்துத் தைக்க வேண்டும். ஒரு வாரம் கண்ணையே தைத்து மூடி வைக்க வேண்டும். கட்டு அவிழ்த்தாலும் வீக்கமும் சிவப்பும் இருக்கும், ஒட்டுத் தோல் மாசக் கணக்கில் வேறு நிறமாகத் தெரியும். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ரத்னபாய், அடுத்த மாசம் பிள்ளைக்குக் கல்யாணம் என்றாள். டாக்டர் ரத்னபாய் பக்கம் திரும்பினாள். “புண்ணு ஆழமாயிட்டா பார்வை போகும் அம்மா. போனா என்னால திருப்பித் தர முடியாது.” பஸ்ஸில் வரும்போது அம்மா, டாக்டர்மார் பேடி காட்டுவார்கள், ஆளைப் பயப்படுத்துவதுதானே அவர்களுக்குத் தொழில் என்று பாறசாலை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பேடி காட்டாத டாக்டரிடம் போனதால் வந்த வினை இது, அதை அம்மா மறந்துவிட்டாள். ரெஜிலாவுக்கு இருபத்தேழு வயது. மேலிமைத் தோல் கொஞ்சம் கனத்து மடிந்து தொங்குகிற கண். அழகில்லை என்று யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, ஆனால் பெண் பார்க்க வந்த மூன்று கூட்டமும் திரும்பிப் போனது. மூன்றாவது கூட்டத்தில் ஒரு நாத்தனார்க்காரி படி இறங்குவதற்குள்ளேயே, பெண்ணுக்கு இன்னும் ஒறக்கம் தெளியல்ல போல என்று சிரித்தாள். அன்றைக்கு ராத்திரியே ரெஜிலா போனில் தேடி, நகரத்தில் ஒரு அழகு கிளினிக்கைக் கண்டுபிடித்தாள். முன்னால் இப்படி, பின்னால் இப்படி என்று ஜோடி ஜோடியாகப் படங்கள். கண்ணை விரித்து, ஓரத்தை மேலே தூக்கி, மை போட்டால் மான்கண் மாதிரி ஆக்கித் தருகிறார்களாம். அப்பாவிடம், இமை தொங்கிப் பார்வையை மறைக்கிறது, அதற்குச் சின்ன சிகிச்சை என்று சொன்னார்கள். முதல் தடவை செய்ததில் வலது கண் இடதைவிடச் சின்னதாகத் தெரிந்தது. அவள் கண்ணாடி முன்னால் நின்று அளந்து அளந்து பார்த்துவிட்டு மறுபடியும் போனாள். ஒரு நூலிழை எடுத்தால் போதும் என்று அந்த ஆள் சிரித்துக்கொண்டே சொன்னான். இரண்டாவது தடவை எடுத்தது நூலிழையா என்ன எழவோ, அதற்குப் பிறகு அந்தக் கண் மூடவில்லை. கேட்டால், தடவிக் கொடுங்கள் சரியாகும் என்கிறான்.

இதற்கிடையில் அபின் வந்து பார்த்தான். விரிந்த கண்ணைப் பார்த்துச் சம்மதம் சொன்னான். அவன் நல்லவனாகத்தான் தெரிந்தான். போனில் பேசும்போது பஸ் எஞ்சினுக்கு வருகிற நோய்களைப் பற்றி நீட்டி நீட்டிச் சொல்லிவிட்டு, போரடிக்கிறேனா என்று கேட்பான். ரெஜிலாவுக்கு அவனைப் பிடித்திருந்தது, அதுதான் கஷ்டம்.

திங்கட்கிழமை மத்தியானம் அப்பா செல்லையன் ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்து, குளித்து, சோறு தின்றுகொண்டிருந்தார். அம்மா கிணற்றடியில் இருந்தாள். அவளுடைய போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். அப்பா எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் போனைக் காதில் வைத்து, “செரி, செரி” என்று கேட்டார். கீழே வைத்துவிட்டு அறைக்குள் இருந்த ரெஜிலாவைக் கூப்பிட்டார்.

“வியாழாழ்ச்ச காலத்த ஒண்ணும் தின்னாம வரணுமாம். ஆருக்கு மக்கா, என்ன ஆப்பரேஷன்?”

அம்மா ஈரக் கையோடு ஓடிவந்து, அது சும்மா கண்ணுக்கு ஒரு சின்ன காரியம் என்று தொடங்கினாள். ரெஜிலாவுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பார்வை மறைத்தது என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னாள். அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கனத்து மடிந்த இமைக்கு அடியிலிருந்து அவளைப் பார்த்தார். அவருக்கும் அதே கண்தான். தோட்டத்தில் ஒறக்கம் செல்லையன் என்றுதான் பேர். அந்தக் கண்ணோடு அவர் முந்நூற்றைம்பது மரத்தில் ஒரு மரத்துக்குக்கூடப் பட்டைக்குள்ளிருக்கும் தடியில் கத்தி படாமல் வெட்டுவார்.

“எனக்கும் மறைக்கும்தான் மக்கா. நான் தலைய மேல பொக்கிப் பாத்தாக்கும் வெட்டுவேன். அதனால நீ சொன்னத நம்பிட்டேன்.” சோற்றைப் பிசைந்தார், தின்னவில்லை. “அப்ப மறைச்சது ஒண்ணுமில்ல. என்னப்போல இருந்ததுதான் கொறச்சல், இல்லியா?”

ரெஜிலாவுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது. இல்லை அப்பா என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகும். அவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, அவளை வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தி, தொடாமல் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். வேலை தெரியாத ஒருத்தன் வெட்டிக் கெடுத்த மரத்தை அவர் இப்படித்தான் பார்ப்பார். “ஆழமா எறக்கிப்புட்டான் பாவி. இனி தன்னால மூடாது. ஒட்டு வைக்கணுமே.”

“ஒட்டுதான் வைக்கணும்னு டாக்டரும் சொன்னா அப்பா.”

“தோலு எங்க இருந்து எடுப்பினும்?”

“காதுக்குப் பின்னால.”

“ஆருக்க காது?”

அதற்கு அவள் பதில் சொல்வதற்குள் அம்மா கத்தத் தொடங்கிவிட்டாள். “ஒரு ஒட்டும் வைக்கண்டாம்! தச்ச கண்ணோட எவன் தாலி கெட்டுவான்? ஊரு முழுக்கச் சிரிக்கட்டுமா? முப்பத்தஞ்சு நாளு பொறுக்கப் பற்றாதா ஒங்களுக்கு?” அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மகளுக்கு ஒரு வாழ்க்கை அமைய வேண்டும் என்று அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை, அது ரெஜிலாவுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அக்ஷயா இ-சேவை மையத்தில் பென்ஷன்காரர்களின் கூட்டம். விதவைப் பென்ஷன், முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நேரில் வந்து, விரலை இயந்திரத்தில் பதித்து, தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். ரெஜிலாவுக்கு அங்கேதான் நாலு வருஷமாக வேலை. முப்பத்தொன்று என்று டோக்கனைக் கூப்பிட்டபோது முன்னால் வந்து உட்கார்ந்தது ஆனந்தபாய். அவளுடைய ஊரிலேயே அக்ஷயா இருக்கிறது. இரண்டு பஸ் ஏறி இங்கே வந்திருக்கிறாள். ரெஜிலா இயந்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“இரிங்க மாமி. வெரல வைங்க.”

விரல் பதியவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். இருபது வருஷம் முந்திரி ஆபீஸில் அண்டி தல்லி, கொட்டை உடைத்த கை, அதன் சூட்டு எண்ணெய் பட்டு ரேகையெல்லாம் தேய்ந்து போயிருந்தது. அப்படியானால் கண்ணைத்தான் எடுக்க வேண்டும். ரெஜிலா கண் இயந்திரத்தை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

“கண்ண நல்லாத் தொறங்க மாமி. சிமிட்டாதீங்க.”

“நீ என்னத் தொறக்கச் சொல்லுத,” என்றாள் ஆனந்தபாய், குரலை உயர்த்தாமல். “ஒனக்கு மூட வருமா?”

இயந்திரம் கீச்சென்று கத்தி, படம் சரியில்லை என்றது. ரெஜிலா அதைக் கீழே வைத்தாள். பின்னால் வரிசையில் ஒருத்தர் இருமினார்.

“நான் வளைச்சுப் பேசமாட்டேன் பிள்ளே. ஜெபத்துல கண்ண மூடாம நிக்கியது, அந்த ஜெபத்துக்கு மனசில்லாதவ. எங்க சபையில அப்படித்தான் சொல்லுவினும். ஒனக்கு வேற ஆரையும் பிடிச்சிருக்கா? வீட்டுல அடிச்சுச் சம்மதிக்க வச்சினுமா? எனக்க மகன் ஒரு பாவம். மனசில்லாத பெண்ண அவனுக்க தலையில கெட்டிவச்சா நான் நல்லா இருக்க மாட்டேன். அதக் கேக்கத்தான் வந்தேன்.”

காத்துக்கு எரியுது என்று அம்மா சொல்லிக்கொடுத்தது நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் இவள் நம்பியும் விடுவாள். நம்பிவிட்டு, பென்ஷனைப் புதுப்பித்துக்கொண்டு, நிம்மதியாக பஸ் ஏறுவாள். ரெஜிலா அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“மனசு உண்டு மாமி. மூட வரல்ல, அதாக்கும்.” அவள் அங்கேயே, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், இரண்டு கண்ணையும் மூடிக் காட்டினாள். ஆனந்தபாய் “எனக்க கர்த்தாவே” என்று நெஞ்சில் கை வைத்தாள். ரெஜிலா சுருக்கமாகச் சொன்னாள். இரண்டு தடவை வெட்டியதையும், புண்ணையும், வியாழக்கிழமையையும் சொன்னாள்.

ஆனந்தபாய் தேய்ந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப எனக்க மகன் பாத்தது?”

“வெட்டின கண்ணு.”

“ஓ.” விரல்களை மடக்கிக்கொண்டு, “நான் அவன்கிட்டச் சொல்லமாட்டேன். நீ சொல்லணும். ஓலை வாசிக்கதுக்கு மின்ன சொல்லணும். தடை உண்டான்னு சபையில கேக்கும்போ நான் வாய மூடிட்டு இருக்கமாட்டேன், கேட்டியா?” என்றாள். அதிலே கோபம் எவ்வளவு, பரிதாபம் எவ்வளவு என்று ரெஜிலாவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டாவது தடவை ஆனந்தபாய் சிமிட்டாமல் இருந்தாள், இயந்திரம் ஏற்றுக்கொண்டது. ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்று ரெஜிலா அபினைப் போனில் கூப்பிட்டாள். பின்னால் இரும்பு விழுகிற சத்தமும், யாரோ எலே எலே என்று யாரையோ விரட்டுகிற சத்தமும் கேட்டது. அவள் சொல்லச் சொல்ல அவன் ‘ம்’ கொட்டினான். பிறகு ‘ம்’மும் நின்றது.

“வியாழாழ்ச்சயா?”

“ஓ.”

“கல்யாணம் கழிஞ்சு செய்யப் பற்றாதா?”

“கண்ணு போவும்னு டாக்டர் சொன்னா. முந்தியே சொல்லாதது எனக்க தப்பு. நீங்க என்ன நெனச்சாலும் செரி.”

“நான் ஒரு பஸ்ஸுக்கு அடியில கெடக்கேன். பிறவு விளிக்கேன்” என்று சொல்லி வைத்துவிட்டான். அன்றைக்கு அவன் கூப்பிடவில்லை. புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் கூப்பிடவில்லை. அவள் போனைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தின்றாள்.

புதன் சாயங்காலம் அம்மா சபைப் பெண்கள் கூட்டத்திலிருந்து பாதியில் வந்தாள். வந்தவள் பையை விட்டெறிந்தாள். வேதப் புஸ்தகமும் மூக்குக்கண்ணாடியும் சிதறின. “மணியடிக்கிய கோயில்பிள்ளை விஜயதாஸ் எல்லாருக்கும் முன்ன வச்சுக் கேக்கியான், என்ன அக்கா, ஓலை வாசிக்கண்டாம்னு பய வந்து போதகர் அச்சன்கிட்டச் சொல்லிட்டுப் போனானேன்னு. எனக்குப் பூமி பிளந்து உள்ள போயிரலாம்னு இருந்து. இப்பத் திருப்தியாச்சா ஒனக்கு?”

காரணம் சொன்னானா என்று ரெஜிலா கேட்டாள். இந்த ஞாயிறு வாசிக்க வேண்டாம் என்று மட்டும்தான் சொன்னானாம். அடுத்த ஞாயிறு வாசிக்கலாமா, இனி வாசிக்கவே வேண்டாமா, அதை விஜயதாஸும் கேட்கவில்லை, அச்சனும் கேட்கவில்லை. அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. ரெஜிலாவுக்கு ஆசை விடவில்லை. இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு, நாளைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, அபினிடம், காத்திருக்கிறேன், கல்யாணம் கழிந்து பார்க்கலாம் என்று சொன்னால் என்ன? முப்பத்து மூன்று நாள்தானே. ஒரு கடுகு முப்பத்து மூன்று நாளில் எவ்வளவுதான் வளர்ந்துவிடும்? ஆஸ்பத்திரி நம்பரை எடுத்துவிட்டாள். எடுத்துவிட்டு, சும்மா ஒரு எண்ணத்தில், இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து இதேபோலப் பார்த்தபோது சிவப்பு எண்கள் தெரிந்தன. இன்றைக்கு எண்களைக் காணவில்லை. வெள்ளைத் தாளில் சிவப்பாக ஏதோ கலங்கியிருந்தது, அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதேதான். போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, நாளைக்கு உடுக்கப் பாவாடையும் துடைக்கத் துவர்த்தும் எடுத்து வைக்கத் தொடங்கினாள். நான் போறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் முற்றத்தில் அப்பா தயாராக நின்றார். கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. இரண்டு காதுக்குப் பின்னாலும் முடியை வழித்துச் சவரம் செய்திருந்தார். இடது காதுக்குப் பின்னால் பிளேடு பட்டுக் கீறியிருந்தது. என்ன கோலம் இது என்று அம்மா முணுமுணுத்தாள், அவ்வளவுதான். கட்டன் சாயா கொடுத்தாள், வேண்டாம் என்றார். ரெஜிலாதான் பட்டினி கிடக்க வேண்டும், அவருக்கென்ன என்று யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். அம்மா வந்ததே பெரிய காரியம். பிளாஸ்கும் போர்வையும் அடங்கிய பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

டாக்டர் பிஜி அறைக்குள் கூப்பிட்டதும் ரெஜிலாவுக்கு முன்னால் அப்பா போய் நின்றார்.

“டாக்டரே, நான் ரெடியாக்கும். நேத்து சாயங்காலத்துல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல்ல. ரெண்டு காதுக்குப் பின்னாலயும் வழிச்சு வெடிப்பா, சுத்தமா வச்சிருக்கேன். அது போராதெங்கி எனக்க எமையில இருந்தே எடுங்க, இஞ்ச நெறைய கெடக்கு. ஒரே எனமாக்கும், சட்டுனு பிடிக்கும்.”

நர்ஸ் சிரிப்பை அடக்கமாட்டாமல் திரும்பிக்கொண்டாள். ரெஜிலாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மழைக்காலத்தில் பால்வெட்டு இல்லாதபோது அப்பா நாற்றுப்பண்ணைக்கு ஒட்டுக் கட்டப் போவார். நல்ல மரத்துப் பட்டையில் ஒரு துண்டு எடுத்து, வேறொரு தைக் கன்றில் வைத்துக் கட்டி, இருபத்தொரு நாள் கழித்து அவிழ்த்தால் பிடித்திருக்கும். எத்தனை ஆயிரம் தைகளுக்கு அப்படிக் கட்டியிருப்பார். ஒட்டு என்றால் அவருக்கு அதுதான். ஆருக்க காது என்று அவர் கேட்டபோது யாரும் பதில் சொல்லாமல் விட்டது எவ்வளவு பெரிய பாவம்.

டாக்டர் சிரிக்கவில்லை. “அப்பா, மரத்துக்குப் பிடிக்கும். மனுஷனுக்குப் பிடிக்காது. அவளுக்க தோல்தான் அவளுக்கு ஒட்டும்.”

“எனக்க ரத்தமில்லியா டாக்டரே?”

“ரத்தமா இருந்தாலும் பிடிக்காது.”

அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். காதுக்குப் பின்னால் வழித்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. ரெஜிலா அவர் கையைப் பிடித்தாள். சின்ன வயசுக்குப் பிறகு அவள் அந்தக் கையைப் பிடிப்பது இதுதான் முதல் தடவை. “அப்பா, மன்னிச்சிரு” என்றாள். அவர் எங்கோ பார்த்துக்கொண்டு, “செரி மக்கா, செரி மக்கா” என்றார்.

டாக்டர் கோப்பைப் புரட்டினாள். “பழைய போட்டோ வேணும்னு நர்ஸ் சொல்லியிருப்பாளே. முன்ன இமை எப்படி மடிஞ்சு கெடந்துன்னு தெரிஞ்சா எங்க எவ்வளவு விடணும்னு எனக்கு ஒரு கணக்கு கிட்டும். இடது கண்ணையும் வெட்டியிருக்கு, அதைப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது.”

போட்டோ ஒன்றும் இல்லை. அபினின் சம்பந்தம் வந்தவுடனேயே போனில் இருந்த பழைய படங்களையெல்லாம் ரெஜிலா அழித்துவிட்டாள். ஆதார் கார்டில்கூட அவளே உட்கார்ந்து புதுப் படம் எடுத்து ஏற்றியிருந்தாள். பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ, சபையில் திடப்படுத்தல் எடுத்த அன்றைக்கு வெள்ளை உடுப்பில் எடுத்த படம், எல்லாவற்றையும் அம்மா அடுப்பில் வைத்தாயிற்று. ரெஜிலா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பையின் காதைத் திருகிக்கொண்டு நின்றாள். அவளுடைய முகம் கோணியது.

“எல்லாம் அடுப்புல கத்திச்சாச்சு டாக்டரே,” என்றாள் ரத்னபாய். பிறகு அப்பாவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். “இவியளப் பாருங்க. இவியளுக்க கண்ணாக்கும் அவளுக்கும். பெத்துப் போட்டப்ப நானே சொன்னேன், அப்பனுக்க கண்ணு அப்படியே வந்திருக்குன்னு.”

டாக்டர் அப்பாவை முக்காலியில் உட்காரவைத்து விளக்கைத் திருப்பினாள். கண்ணை மூடச் சொன்னாள். அவர் இறுக்கி மூடி, முக்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “இறுக்கண்டாம் அப்பா, அளவு எடுக்கியேன். ஒண்ணும் வெட்டமாட்டேன்.” சின்ன அளவுகோலை இமைமேல் வைத்து, ஊதாப் பேனாவால் புள்ளி வைத்தாள். திறக்கச் சொன்னாள், மேலே பார்க்கச் சொன்னாள், கீழே பார்க்கச் சொன்னாள், மறுபடி மூடச் சொன்னாள். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நர்ஸ் அவற்றை ரெஜிலாவின் பெயர் எழுதிய தாளில் குறித்தாள். அப்பா மூச்சு விடாமல் சொன்னதையெல்லாம் செய்தார்.

பச்சை உடுப்பு மாற்றி, தலையில் தொப்பி போட்டு, ரெஜிலாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அபின் விளிச்சாரா என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா இல்லையென்று தலையாட்டிவிட்டு, அவளுடைய கன்னத்தைத் துடைத்தாள். வராந்தாவில் அப்பா நின்றார். இரண்டு இமையிலும் ஊதாப் புள்ளிகள், மூன்று மூன்றாக. எதிரே பெஞ்சில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். அம்மா துவர்த்தின் முனையைத் தண்ணீரில் நனைத்து நீட்டினாள்.

“தொடைங்க. ஆளுவ பாக்கினும்.”

“வேண்டாம், கெடக்கட்டு,” என்றார் அப்பா. “டாக்டருக்கு எடையில இன்னொருக்கா பாக்கணும்னு தோணிச்சுன்னா?”

நர்ஸ் நாற்காலியைத் தள்ளினாள். கதவு மூடுவதற்கு முன்னால் ரெஜிலா திரும்பிப் பார்த்தாள். அவர் கதவுக்கு நேரே, விளக்குக்கு அடியில் வந்து நின்று, புள்ளிகள் நன்றாகத் தெரியும்படி முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார்.